நேரம் பார்த்தவள்

ஆறு கறுப்புக் கோட்டுகள், ஒரு வட்ட மேசை,
தகிகாவாவின் மார்ச் மாதப் பனி ஜன்னலில்.
செகிகுச்சியும் அவானோவும் நானும்
தலைமுடியை ஒரே உயரத்தில் கட்டியிருந்தோம்,
முன்பின் தெரியாத மூவர்
ஒரே கண்ணாடியில் விழுந்த மாதிரி.

தலைப்புத் தாளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.
திருப்பினோம்:
"நாளொன்றுக்கு நான்கு பயணிகள் வரும் ரயில் நிலையம்.
மூடலாமா? நாற்பது நிமிடம்."

"நான் வழிநடத்தட்டுமா?" தாள் புரளும் சத்தம்
அடங்குவதற்குள் கேட்டுவிட்டான் நுமாதா.
குறிப்பெடுக்கும் வேலை செகிகுச்சிக்குப் போனது.
மிச்சமிருந்தது கடிகாரம். நான் எடுத்துக்கொண்டேன்.
கடிகாரம் வைத்திருப்பவளை
யாரும் மடக்கிக் கேள்வி கேட்பதில்லை.
ஐந்து முறை நேரம் சொன்னால்
ஐந்து முறை பேசியதாகக் கணக்கு.
பயிற்சித் தாளின் ஓரத்தில்
இதை நானே எழுதி வைத்திருந்தேன், அடிக்கோடிட்டு.

சுவரோரம் இரண்டு பேர். அவர்கள் பேனா அசையும்போதெல்லாம்
எங்கள் முதுகுகள் நிமிர்ந்தன.
இவாபுச்சி எண்களாகக் கொட்டினான்.
மிகாமி எல்லோர் பேச்சுக்கும் தலையாட்டினான்;
தலையாட்டலுக்கும் மதிப்பெண் உண்டென்று
யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.
"உங்களோடு உடன்படுகிறேன், ஆனாலும்"
என்ற வாக்கியம் பலகாரத் தட்டு போல
மேசையைச் சுற்றி வந்தது.
ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம்.

"இன்னும் பதினைந்து நிமிடம்" என்றேன்.
அப்போதுதான் அவானோ வாய் திறந்தாள்.
"அந்த நான்கு பேரில் ஒருத்தி..."
நின்றாள்.
அந்த இடைவெளியில் ஒரு சரக்கு ரயிலே போயிருக்கலாம்.
"அருமை! பயணிகளின் பார்வை!"
என்று சிரித்தபடி அவள் வாக்கியத்துக்கு மூடி போட்டுவிட்டு
அடுத்தவரிடம் நகர்ந்தான் நுமாதா.
அவள் முடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
அதுதானே என் வேலை.

நாற்பதாவது நிமிடத்தில் முடிவு பிரமாதமாக இருந்தது:
மூட வேண்டாம், வாரம் இரண்டு நாள் காப்பிக் கடை நடத்தலாம்.
மூன்று வண்ணத்தில் அம்புக்குறிகள்.
ஆறு பேரும் ஒரே கோணத்தில் குனிந்து வணங்கினோம்.

வெளியே பனி சாய்ந்து விழுந்தது.
ஐந்து மணி ரயில் ரத்து. அடுத்ததும் ரத்து.
நிலைய வாசலில் மிஞ்சியது ஒரே டாக்ஸி;
நான்கு பேர் ஏறலாம், நாங்கள் ஆறு.
தூரம் போகிறவர் முதலில் என்றான் இவாபுச்சி.
நாளைக்கு நேர்காணல் இருப்பவர் என்றாள் செகிகுச்சி.
உங்களோடு உடன்படுகிறேன், ஆனாலும்.
மிகாமியின் தலை ஆடியது, இந்த முறை குளிரில்.
ஒருமித்த முடிவுக்கு இன்னும் இரண்டடி இருக்கையில்
வெங்காய மூட்டையோடு வந்த ஒருவர்
யாரையும் எதுவும் கேட்காமல் ஏறிக்
கதவைச் சாத்திக்கொண்டார்.

முதலில் சிரித்தது அவானோ.
அப்புறம் எல்லோரும், புகை புகையாக.

காத்திருப்பு அறையில் ஒற்றை அடுப்பு.
இயந்திரத்தில் வாங்கிய மக்காச்சோள சூப் டப்பாக்களை
உள்ளங்கை மாற்றி மாற்றிப் பிடித்திருந்தோம்.
"அந்த நான்கு பேரில் ஒருத்தி" என்றேன். "அப்புறம்?"
"நான்தான்" என்றாள்.
"மூன்று வருடம், உயர்நிலைப் பள்ளிக்கு.
காப்பியெல்லாம் வேண்டாம்.
கழிப்பறைக் குழாய் உறையாமல் இருந்தால் போதும்."
யாரும் அருமை என்று சொல்லவில்லை.
கதவு சாத்துமா, விளக்கு எத்தனை மணிவரை எரியும்
என்று ஷூ நுனியைப் பார்த்தபடியே
ஒவ்வொன்றாகக் கேட்டான் நுமாதா.
அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.
எவ்வளவு நேரம் பேசினோம் என்று தெரியாது.

எட்டாம் நாள் மின்னஞ்சல்:
என் எதிர்காலம் சிறக்க நிறுவனம் பிரார்த்திக்கிறதாம்.
இந்தப் பருவத்தில் இது பதினோராவது.
இத்தனை பிரார்த்தனைக்கு
வேறொருத்தி தெய்வமாகியிருப்பாள்.
மற்ற ஐவரில் யாருக்குக் கிடைத்தது, தெரியவில்லை.

அடுத்த புதன் சப்போரோவில் இன்னொரு மேசை.
கடிகாரத்தைக் கண்டால் கை தானாக நீளும், தெரியும்.
நீளட்டும்.
யாராவது பாதி வாக்கியத்தில் நின்றால்
இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்ல
அது கையில் இருக்கட்டும்.